புதுக்குடியிருப்புக்குத் தீயணைப்பு வண்டி: முதலில் வண்டியா, ஆளா?

நந்திக்கடலோன்

கச்சான் காற்று அள்ளி அடித்த ஒரு ஆகஸ்ட் பகல். முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்பில் எங்கள் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு பலசரக்குக் கடையின் பின்பக்கம் தீப்பிடித்தது. மின் ஒழுக்கு என்றார்கள். தோட்டத்துக்கு இறைக்கிற மோட்டரைக் கொண்டுவந்து கிணற்றில் பூட்டினோம். பெண்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள். அயல் மாவட்டத்திலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது. வந்த பிள்ளைகளில் பிழை சொல்ல மாட்டேன், அவர்கள் ஓடித்தான் வந்தார்கள். ஆனால் அவர்கள் வந்தபோது அணைப்பதற்குச் சுவர்கள்தான் மிச்சம் இருந்தன.

இப்போது வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலர் காசு சேர்த்து, பழைய தீயணைப்பு வண்டி ஒன்றை வாங்கி அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். ஊரில் சிலரோ ஆள் இல்லாமல் வண்டியை வைத்து என்ன செய்வது என்கிறார்கள். 2016 செப்ரெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்த இரவு நினைவிருக்கிறதா? அன்று கிளிநொச்சிக்கு என்று ஒரு தீயணைப்பு வண்டி இல்லை. அந்தச் சாம்பலுக்குப் பிறகுதான் கிளிநொச்சி நகரைப் பார்க்கிற கரைச்சிப் பிரதேச சபையில் தீயணைப்புப் பிரிவு வந்தது. எங்களுக்கும் அப்படி ஒரு இரவு வரவேண்டுமா? வண்டியை எடுப்போம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்பது என் நிலைப்பாடு.

பரந்தன் சந்தி

அண்ணை, உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். நான் வடக்கில் ஒரு சபையின் தீயணைப்புப் பிரிவில் வேலை செய்கிறவன். ஆனாலும் இந்த வண்டி வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணித்தியாலம். ஒருவர் 42 மணித்தியாலம் வேலை செய்தால், ஒரே இருக்கையை நிரப்ப நாலு பேர் வேண்டும். ஒரு வண்டிக்குச் சாரதி, பம்ப் இயக்குபவர், பொறுப்பாளர், குழாய் பிடிக்க மூன்று பேர் என்று ஆறு பேர் வையுங்கள். ஆறு நாலு இருபத்துநாலு. லீவு, சுகயீனம் இதில் இல்லை. அனுமதி பெற்ற ஆளணி, அதாவது அரசு ஒப்புக்கொண்ட வேலை இடங்கள், இல்லாமல் ஒரு பிரதேச சபை நிரந்தரமாக ஒருவரையும் எடுக்க முடியாது. அந்த அனுமதி கொழும்பில் முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்திலிருந்து வரவேண்டும். ரொறன்ரோவில் காசு சேர்ப்பதால் அது கிடைத்துவிடாது.

பம்பை அடிக்கடி ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பற்றரி, வால்வு, ரயர் எல்லாம் பார்க்க வேண்டும். ஒரு வருடம் கொட்டகையில் நின்ற வண்டி தீ அன்றைக்கு ஸ்ரார்ட் ஆகாது. இன்னொன்று, கனடாவிலிருந்து வருகிற வண்டிக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். அங்கே குழாய்வாய், அதாவது இரண்டு குழாயைச் சேர்க்கிற பூட்டு, திருகிப் பூட்டுவது, இங்கே பிரித்தானிய முறையில் தள்ளிப் பூட்டுவது. கிளிநொச்சி வண்டி உதவிக்கு வந்து நின்றாலும் இரண்டு குழாயும் ஒன்றோடொன்று சேராது.

முத்தையன்கட்டான்

காசு சேர்க்கிறவர்களில் நானும் ஒருவன். ரொறன்ரோவில் இருக்கிறேன். ஸ்டியரிங், குழாய்வாய் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். பிரித்தானியாவில் கழித்த வண்டி பார்த்தால் இரண்டு பிரச்சினையும் தீர்ந்துவிடும்.

ஆனால் 24 பேர் இல்லாவிட்டால் ஒன்றுமே வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கனடாவில் தீயணைப்பவர்களில் பெரும்பாலானோர் தொண்டர்கள். ஒன்ராறியோவின் சின்ன ஊர்களில் கடைக்காரர், மெக்கானிக், பண்ணைக்காரர் எல்லோரும் அழைப்பு வந்ததும் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். எங்கள் ஊரில் ஒரு கிணற்றில் ஆள் விழுந்தால் பத்து நிமிடத்தில் ஐம்பது பேர் கூடுவார்கள். அந்த ஐம்பதில் பதினைந்து பேருக்குப் பயிற்சி கொடுக்க முடியாதா?

பரந்தன் சந்தி

முடியும் தம்பி. ஆனால் அந்தப் பதினைந்து பேரில் ஒருவரின் மேல் கூரை விழுந்தால் அவர் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு? எனக்கு ஒன்று நடந்தால் சபை இருக்கிறது. அவருக்குக் காப்புறுதி இல்லை, ஓய்வூதியம் இல்லை. உங்கள் ஒன்ராறியோவில் தொண்டருக்குப் பின்னால் அந்த ஏற்பாடுகள் எல்லாம் இருக்கின்றன.

அதைவிட இது போர் நடந்த வன்னி. பற்றை எரியும்போது உள்ளே எதுவும் வெடிக்கலாம். குப்பை கொளுத்தப்போய் மண்ணுக்குள் கிடந்த பழைய வெடிபொருள் வெடித்துக் காயப்பட்ட கதைகள் இங்கே எத்தனை. வீட்டுத் தீக்கு உள்ளே போகலாமா, பற்றைத் தீயை எங்கே நின்று மறிக்கலாம், எதை எரியவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு வார இறுதியில் படித்து முடிகிற விஷயம் இல்லை. துணிச்சலான பிள்ளைதான் முதலில் உள்ளே ஓடும். எனக்குப் பயம் அந்தப் பிள்ளையை நினைத்துத்தான்.

மல்லாவி ரீச்சர்

எல்லோரும் புதுக்குடியிருப்பைச் சுற்றியே பேசுகிறீர்கள். மாவட்டத்தின் மேற்கே துணுக்காய், பாண்டியன்குளம் பக்கம் ஒரு வீடு எரிந்தால் அந்த வண்டியால் எங்களுக்கு என்ன பயன்? நிலையம் ஒன்று வருவதானால் மாங்குளத்தில் வரட்டும். ஏ9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கிற இடம். வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் நடுவில் இருப்பதால் நெடுஞ்சாலை விபத்துக்கும் உதவும். மாவட்டத்தின் நாலு பிரதேச சபையும் சேர்ந்து ஆளணி கேட்டால் தனித்தனியாகக் கேட்பதைவிட வலு இருக்கும்.

நந்திக்கடலோன்

ரீச்சர், மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு ஏறக்குறைய 50 கிலோமீற்றர். எங்கள் கரையோரத்து வாடிகளை, மீனவர் கொட்டில்களை, வந்து பாருங்கள். கிடுகுக் கூரை, நைலோன் வலை, பக்கத்தில் படகு எஞ்சினுக்கு மண்ணெண்ணெய்க் கான். ஒரு வாடி பிடித்தால் காற்று அடுத்த வாடிக்குக் கொண்டுபோகக் கனநேரம் ஆகாது. மாங்குளத்து வண்டி ஒட்டுசுட்டான் தாண்ட முன்னமே இங்கே எல்லாம் முடிந்துவிடும். கிளிநொச்சியிலிருந்து வந்தால் என்ன, மாங்குளத்திலிருந்து வந்தால் என்ன, எங்களுக்கு ஒன்றுதான்.

பரந்தன் தம்பி சொன்ன காப்புறுதி விஷயம் நியாயம். அதை நான் யோசிக்கவில்லை.

பரந்தன் சந்தி

இரண்டு பேரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரு பெரிய வண்டியில் கட்டிவைக்காதீர்கள் என்கிறேன். ஒரு வண்டியில் 4000 லீற்றர் தண்ணீர் என்று வையுங்கள். ஒரு குழாய் நிமிடத்துக்கு 400 லீற்றர் இழுத்தால் பத்து நிமிடம். இரண்டு குழாய் என்றால் ஐந்து. பிறகு? கொழும்பில் வீதியோரத்தில் தீயணைப்புக் குழாய் இருக்கிறது. இங்கே குளமும் கிணறும்தான். எந்தக் குளத்துக் கட்டில் பார வண்டி ஏறும், எந்தக் கிணறு ஆவணி மாதத்தில் வற்றும் என்று தெரியாமல் வருகிற வண்டி, தண்ணீர் தேடி அலையும்.

என் கையில் அந்தக் காசு இருந்தால் நான் செய்வது இது. ட்ரக்டரில் இழுக்கிற பவுசர் (தண்ணீர்த் தாங்கி) ஒன்று, இரண்டு பேர் தூக்கக்கூடிய பம்ப் ஒன்று, நூறு மீற்றர் குழாய். இப்படி ஒவ்வொரு சபைக்கும் ஒரு தொகுதி. தீ சின்னதாக இருக்கும்போது வெளியில் நின்று அடிக்கவும், பக்கத்து வீட்டை நனைத்துக் காப்பாற்றவும் அது போதும். அதற்கு ஊர்ப் பிள்ளைகளைப் பழக்கலாம், காப்புறுதி எடுத்த பிறகு. உள்ளே போகிற வேலைக்கு மாங்குளத்தில் முழு ஆளணியோடு ஒரு நிலையம். ரீச்சர் சொன்னதுபோல நாலு சபையும் சேர்ந்து கேட்க வேண்டும்.

முத்தையன்கட்டான்

அண்ணை, நான் இன்னும் முழுதாக உடன்படவில்லை. பவுசரையும் பம்பையும் கொடுத்துவிட்டால் அதுவே போதும் என்று மேலிடத்தில் நினைத்துவிடுவார்கள், மாங்குளம் நிலையம் ஒருநாளும் வராது. ஒரு பெரிய வண்டி கண்ணுக்கு முன்னால் சும்மா நின்றால் ஆள் தாருங்கள் என்று கேட்க ஒரு பிடி இருக்கும்.

பரந்தன் சந்தி

வண்டி நிற்கிறது என்று நம்பி சனம் காத்திருக்கும் தம்பி. அதுதான் ஆபத்து. வண்டி இல்லை என்று தெரிந்தால் உடனே வாளியைத் தூக்குவார்கள். நிற்கிற வண்டியை நம்பி முதல் ஐந்து நிமிடத்தை இழப்பார்கள்.

முத்தையன்கட்டான்

சரி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. மற்றவர்களோடு கதைக்கிறேன். வண்டி வாங்குவதை இப்போதைக்கு நிறுத்திவைக்கிறோம், காசு இருக்கும். பவுசர், பம்ப் விலை எடுத்து அனுப்புங்கள். காப்புறுதிக்கு வருடாவருடம் எவ்வளவு போகும் என்றும் கேட்டுச் சொல்லுங்கள். பெரிய வண்டி யோசனையை நான் கைவிடவில்லை.

மல்லாவி ரீச்சர்

விலை வரும்வரை தண்ணீர்க் கணக்கையாவது தொடங்குவோம். பள்ளிக்கூடக் கிணறு நல்ல கோடையிலும் வற்றாது, கேற் அகலம், பவுசர் உள்ளே திரும்பலாம். வவுனிக்குளம் பக்கம் எந்த இடத்தில் ட்ரக்டர் தண்ணீர்க்கரை வரை இறங்கும் என்று சனிக்கிழமை பெரிய வகுப்புப் பிள்ளைகளோடு போய்ப் பார்த்து எழுதுகிறேன். நந்திக்கடலோன் அண்ணை, உங்கள் பக்கத்து வாடிகளுக்கு நல்லதண்ணிக் கிணறு எங்கே இருக்கிறது?