கறுப்பினப் பெண் எழுத்தாளர்களின் கதைகளில் வர்க்கம் இரண்டாம்பட்சமா?

தாழ்வாரம்: இந்தக் கதைகளில் வரும் வறுமைக்கு நிறவெறிதான் வேர். வர்க்கக் கதையாக வாசித்தால் அந்த வேர் மறைந்துபோகிறது. ஆன் பெட்ரியின் 'தி ஸ்ட்ரீட்' (1946) நாவலில் நாயகி லூட்டியின் கணவனுக்கு வேலை கிடைக்காததற்குக் காரணம் அவன் கறுப்பன் என்பதுதான். வேறு வழியில்லாமல் அவள் கனெக்டிகட்டில் ஒரு வெள்ளையர் வீட்டிலேயே தங்கி வேலைசெய்து பணம் அனுப்புகிறாள், அந்தப் பிரிவில் குடும்பமே உடைகிறது.

முகில்: லூட்டி சரி. டோனி மாரிசனின் 'சாங் ஆஃப் சாலமன்' (1977) நாவலில் வரும் மேக்கன் டெட்டை என்ன செய்வீர்கள்? அவரும் கறுப்பர், அவர் வீடுகளில் குடியிருப்பவர்களும் கறுப்பர்கள். வாடகை பாக்கிக்கு அவகாசம் கேட்டு வந்த பாட்டியை, பேரப்பிள்ளைகள் இருப்பது தெரிந்தும் இரக்கமே இல்லாமல் திருப்பி அனுப்புகிறார். டாக்டர் வீட்டில் பெண் கேட்கும் துணிச்சலே தன் பையில் கிடந்த, தனக்குச் சொந்தமான இரண்டு வீடுகளின் சாவிகளால் வந்தது அவருக்கு. அவருடைய பேக்கார்ட் காரை ஊரே சவ வண்டி என்கிறது. இதில் வெள்ளைக்காரன் எங்கே வருகிறான்?

தாழ்வாரம்: அவர் சிறுவனாக இருந்தபோதே வந்துவிட்டான். அப்பா பாடுபட்டு உருவாக்கிய பண்ணையைப் பறிக்க அவரைச் சுட்டுக் கொன்றார்கள், மேக்கன் அதைக் கண்ணால் பார்த்தவர். சொத்து சொத்து என்று அலையாமல் என்ன செய்வார்?

முகில்: பயம் புரிகிறது தோழர். ஆனால் பறிகொடுத்தவன் இன்னொரு ஏழைப் பாட்டியை வெளியேற்றுவதை மாரிசன் நியாயப்படுத்தவே இல்லையே. அந்தப் பாட்டி பக்கம் நின்று பார்த்தால் அப்பாவின் கதை அவளுக்கு எதற்கு?

சித்திரை: டோனி கேட் பம்பாராவின் 'தி லெசன்' சிறுகதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் கறுப்பர்கள் வாழும் ஹார்லெம் பகுதிப் பிள்ளைகளை ஒரு பெண், பணக்காரர்கள் வந்துபோகும் ஐந்தாம் அவென்யூ பொம்மைக் கடைக்குக் கூட்டிப்போகிறாள். ஒரு கோமாளி பொம்மை 35 டாலர், பாய்மரப் படகு 1,195 டாலர். அந்த 35 டாலர் இருந்தால் வீட்டுப் பையன்களுக்குக் கட்டில் வாங்கலாம், வாடகை கட்டலாம் என்று கதையைச் சொல்லும் சிறுமி சில்வியா மனதுக்குள் கணக்குப் போடுகிறாள். எதற்கும் அஞ்சாத அந்தச் சிறுமி கடை வாசலில் உள்ளே போகக் கூசி நிற்கிறாள். எனக்கு அந்தக் கூச்சம் காசு இல்லாததால் வருவதாகத்தான் படுகிறது.

தாழ்வாரம்: அதே கதையில், வெயில் காலத்தில் ஃபர் கோட் போட்டுப் போகிறவளைப் பார்த்து வெள்ளைக்காரர்களுக்குப் பைத்தியம் என்று சில்வியா சொல்வதை விட்டுவிட்டீர்களே. கடைக்குள் எல்லாமே வெள்ளையர் உலகம்தான். மேக்கன் விஷயத்தில் மட்டும் முகில் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, அந்தப் பாட்டி வரும் பக்கங்களை இன்று இரவு மறுபடி படிக்கிறேன்.