மாரியம்மன் கோயில் தெரு சொந்தங்கள்

திங்கள், 21 ஜூலை 2025

மளிகைக்கடை மாமா, காலை 6:48: எல்லாரும் பாருங்க. தெருவுல பந்தல் போடக்கூடாதுன்னு பேரூராட்சில சட்டம் போட்டுட்டாங்களாம். ஆகஸ்ட் 8 கஞ்சி வார்ப்பு நடக்குமான்னே தெரியல

துபாய் தம்பி: யாரு சொன்னா

மளிகைக்கடை மாமா: டீக்கடையில

துபாய் தம்பி: அப்ப கன்ஃபார்ம் 😂

கும்பகோணம் அத்தை: இனிய காலை வணக்கம் 🙏🌺

ஆபீஸ் சித்தப்பா: சட்டம்லாம் ஒண்ணும் இல்ல. நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கறதைப் படிச்சேன். அது மன்றத் தீர்மானம். பந்தலுக்குத் தடைன்னு எங்கேயும் இல்ல. ரோட்டைத் தோண்டாதே, முன்கூட்டி எழுதிக் குடு, டெபாசிட் கட்டு. இவ்வளவுதான். பைலா, அதாவது பேரூராட்சியோட துணைவிதி, கொண்டுவரணும்னா வரைவு வெளியிட்டு, ஆட்சேபணை கேட்டு, அரசு ஒப்புதல் வாங்கி, அரசிதழ்ல வரணும். ஒரு கூட்டத்துல கைதூக்கினா சட்டம் ஆயிடாது. சந்தேகம்னா 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்துல தீர்மான நகல் கேளுங்க. 30 நாள்ல குடுக்கணும்

துபாய் தம்பி: 30 நாள்ல ஆடியே முடிஞ்சிரும் சித்தப்பா

அத்தாச்சி: டெபாசிட்டா? 2023ல கட்டினதே திரும்பி வந்துச்சான்னு தெரியல

மளிகைக்கடை மாமா: வந்துச்சு

அத்தாச்சி: யார் கையில

மளிகைக்கடை மாமா: கணக்கு நோட்டுல இருக்கு

மேலவீட்டுப் பெரியப்பா: நோட்டு எங்க இருக்கு

ஆபீஸ் சித்தப்பா: அதை நேர்ல பேசிக்கலாம். இப்ப பந்தலைக் கேளுங்க. நம்ம தெரு சிமெண்ட் ரோடு. கடப்பாரையால குழி போட்டா மழைத்தண்ணி உள்ள இறங்கி அடி மண்ணு இளகும். அடுத்த வருஷம் அந்த இடமே பேத்துக்கும். அதனாலதான் தோண்டாதேங்கறான். 20 லிட்டர் பெயிண்ட் டின்னுல மணல் போட்டு சவுக்குக் கம்பத்தை நட்டு, நாலு மூலையிலயும் கயிறு இழுத்துக் கட்டினா நிக்கும். ஒரு ஓரமா ஆம்புலன்ஸ் போற அளவுக்கு 12 அடி விட்டுருங்க. குறுக்க அடைச்சுக் கட்டினா போலீஸ்ல அனுமதி தரமாட்டான். முனையில இருக்கற ரோடு நெடுஞ்சாலைத்துறையோடது. அலங்கார வளைவு அங்க வைக்கிறதா இருந்தா கடிதம் அவங்களுக்குத் தனியா

ரேடியோசெட் மச்சான்: செட்டு?

ஆபீஸ் சித்தப்பா: ராத்திரி 10லருந்து காலைல 6 வரைக்கும் கிடையாது. 2000ம் வருஷத்து ஒலி விதி. அனுமதி போலீஸ்ல, பேரூராட்சில இல்ல. குழாய் ஸ்பீக்கர் வேண்டாம், பாக்ஸ் மட்டும் வை

ரேடியோசெட் மச்சான்: குழாய் இல்லாம அம்மன் திருவிழாவா

ஆபீஸ் சித்தப்பா: கரண்டுக்குக் கொக்கி போடற வேலையும் வேண்டாம் மாப்ள. மின்சாரச் சட்டம் 135ம் பிரிவு. மின்வாரியத்துல தற்காலிக இணைப்பு எழுதிப்போடு

ரேடியோசெட் மச்சான்: நான் எங்க கொக்கி போட்டேன் 🙄

துபாய் தம்பி: 😂😂

கும்பகோணம் அத்தை: பெரிய அண்டா யார் வீட்ல இருக்கு?

அத்தாச்சி: எனக்குத் தெரியாது அத்தை

ஆபீஸ் சித்தப்பா: முக்கியமானது ஒண்ணு. 100 பேருக்கு மேல கூடினா மூணு வேலை நாள் முன்னாடியே பேரூராட்சிக்குத் தெரிவிக்கணும். 2016 திடக்கழிவு விதியில இருக்கு. குப்பையைப் பிரிச்சுக் குடுக்கறதும் நம்ம பொறுப்பு. 8ம் தேதி வெள்ளிக்கிழமைன்னா 4ம் தேதி திங்களுக்குள்ள கடிதம் சேரணும். 3ம் தேதி பதினெட்டாம் பெருக்கு, ஞாயிறு வேற, அன்னிக்குப் போய் நிக்காதீங்க. இரண்டு நகல் எடுத்து ஒண்ணுல சீல் வாங்கிக்கங்க. வாயால சொன்னது பின்னாடி ஒதவாது

மளிகைக்கடை மாமா: கடையில வாழையிலை டிசைன் ரோல் இருக்கு. 50 மீட்டர். போட்டுக்கலாம்

ஆபீஸ் சித்தப்பா: மாமா அது பிளாஸ்டிக் பூசினது. 2019 ஜனவரி 1லருந்து தடை. தண்ணி பாக்கெட்டும் அதே. பூச்சு இருக்கற டீ கப்பும் அதே. பாக்குமட்டைத் தொன்னையில கஞ்சி ஊத்துங்க

மளிகைக்கடை மாமா: பாக்குமட்டை விலை தெரியுமா

அத்தாச்சி: மாமாகிட்டயே வாங்கினா இன்னும் ஜாஸ்தி 😌

மேலவீட்டுப் பெரியப்பா: அந்தப் பாலத்தை யாரும் பேசமாட்டேங்கறீங்க. கோயில் திருப்பத்துல கம்பி நீட்டிக்கிட்டு நிக்குது. பால்குடம் எடுத்துட்டு வெறுங்காலோட வரணும்

அத்தாச்சி: ஆமா. கவுன்சிலர்கிட்ட சொன்னேன். நிதி இல்லங்கறார்

ஆபீஸ் சித்தப்பா: அது பாதி உண்மை. பட்ஜெட் மார்ச்சுக்குள்ள பாஸ் பண்ணி ஏப்ரல் 1லருந்து ஓடுது. இந்தப் பாலம் அதுல இல்ல. நடுவுல நுழைக்கணும்னா எந்தத் தலைப்புல செலவுன்னு காட்டித் தீர்மானம் போடணும். மத்திய அரசோட 15வது நிதிக்குழு மானியத்துல 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்னே கட்டிப்போட்ட காசு, வேற எதுக்கும் தொட முடியாது. மீதி 40 சதவீதத்துக்குப் 15 வார்டும் அடிச்சுக்கும். இல்லன்னா பொது நிதி. அது வீட்டு வரியும் கடை வாடகையும், சம்பளத்துக்கும் கரண்டு பில்லுக்குமே போயிரும்

துபாய் தம்பி: நம்ம வரி கட்டியாச்சா

அத்தாச்சி: ஏப்ரல்லயே கட்டினேன். 5 சதவீதம் கழிவு. ரசீது இன்னும் தாத்தா பேர்லதான் வருது

மேலவீட்டுப் பெரியப்பா: அதை இங்க எழுதவேண்டிய அவசியம் என்ன?

கும்பகோணம் அத்தை: 🙏

ஆபீஸ் சித்தப்பா: பாலத்தை டேப் வச்சுப் பார்த்தேன். 12 அடி நீளம், 3 அடி அகலம், 6 அங்குல கனம். 18 கன அடி கான்கிரீட். வேலை சின்னதுதான், நாள்தான் இடிக்குது. மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணி ஆணைன்னு ஒவ்வொரு மேசையிலயும் ஃபைல் தூங்கும். அப்படியே நாளைக்கே போட்டாலும் 14 நாளாவது சாக்கு போத்தித் தண்ணி ஊத்தணும். அதுக்குள்ள ஜெனரேட்டர் வண்டி ஏறினா நடுவுல விரிசல் விட்டுரும். 8ம் தேதிக்கு 18 நாள்தான் இருக்கு. அதனால இப்ப புதுப் பாலம் கேக்காதீங்க. "தற்காலிகப் பராமரிப்பு"ன்னு எழுதி, நீட்டிக்கிட்டிருக்கற கம்பியை வெட்டி மேல கனமான இரும்புத் தகடு போடச் சொல்லுங்க. தகடு ரெண்டு பக்கமும் ஒரு அடியாவது நல்ல கான்கிரீட்ல உக்காரணும், இல்லன்னா கால் வச்சதும் சீசா மாதிரி தூக்கும். புதுப் பாலத்துக்குத் தனி மனு. ரெண்டையும் ஒரே காகிதத்துல எழுதினா ரெண்டும் நடக்காது

துபாய் தம்பி: கோயிலுக்குன்னு பேரூராட்சி ஏதாவது பணம் தருமா

ஆபீஸ் சித்தப்பா: தணிக்கையில மாட்டும். கூட்டிப் பெருக்குறது, பிளீச்சிங் பவுடர், தண்ணி லாரி, எரியாத தெருவிளக்கை மாத்துறது, இதெல்லாம் கேளு. லாரிக்குக் கட்டணம் உண்டு, ரசீது வாங்கு. பாலத்துக்கு வேணும்னா நமக்கு நாமே திட்டம் இருக்கு. மூணுல ஒரு பங்கு நாம கட்டினா மீதியை அரசு போடும்

துபாய் தம்பி: நான் கொஞ்சம் தரேன்

மேலவீட்டுப் பெரியப்பா: கல்வெட்டுல யார் பேர் வரும்

மளிகைக்கடை மாமா: பாலமே வரல அண்ணே

மேலவீட்டுப் பெரியப்பா: போன தடவை நோட்டீஸ்லயும் இப்படித்தான் சொன்னீங்க. அச்சடிச்சு வந்தப்ப என் பேர் மட்டும் இல்ல

ரேடியோசெட் மச்சான்: குழாய் ஒண்ணே ஒண்ணு வச்சுக்கவா, கோயிலைப் பார்த்து

ஆபீஸ் சித்தப்பா: கடிதம் எழுதி வச்சுட்டேன், பேரூராட்சிக்கு ரெண்டு, போலீசுக்கு ஒண்ணு. ஏற்பாட்டாளர் பேர், கையெழுத்து மட்டும் காலி. குப்பை கிடந்தாலும் ரோடு பேந்தாலும் அந்த ஆளைத்தான் கூப்பிடுவாங்க. யார் போடறீங்க?

ஆபீஸ் சித்தப்பா, மதியம் 1:20: யாராவது?

மளிகைக்கடை மாமா: பெரியவர் இருக்கும்போது நாங்க போடறது மரியாதை இல்ல

மேலவீட்டுப் பெரியப்பா: இப்பத்தான் பெரியவர்னு ஞாபகம் வருதா

அத்தாச்சி: ஞாயித்துக்கிழமை எல்லாரும் கோயில்ல உக்காந்து பேசிடலாம்

துபாய் தம்பி: 👍

ரேடியோசெட் மச்சான்: ஞாயிறு எனக்கு வெளியூர்ல கல்யாண செட்டு

கும்பகோணம் அத்தை: அண்டா எங்கன்னு ஒருத்தரும் சொல்லலியே