பொருள்: பட்டறையில் நாமே செய்துகொள்ளும் கருவிக்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம்.

பழைய வண்டிகளைப் பழுதுபார்ப்பது பற்றிக் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஓர் அத்தியாயம் முழுக்க, கடையில் கிடைக்காத கருவிகளை நாமே செய்துகொள்வது பற்றியது. தயாரிப்பாளர் அந்த வண்டிக்கென்றே கொடுத்ததைச் 'சிறப்புக் கருவி' என்று எழுதிவிட்டேன். நாமே செய்வதற்குத்தான் சொல் அமையவில்லை. 'தற்காலிகக் கருவி', 'நாட்டுக் கருவி', 'கைவினைக் கருவி' என்று எழுதிப் பார்த்து மூன்றையும் அடித்துவிட்டேன். அப்புறம் புல்லர் (இறுகிய பாகத்தைக் கழற்றுவது), டிரிஃப்ட் (பேரிங்கைத் தட்டி ஏற்றுவது), கிளட்ச் ஹோல்டர் (நட்டைக் கழற்றும்போது கிளட்ச் சுழலாமல் பிடிப்பது) இவற்றுக்கும் சொல் வேண்டும். புல்லருக்கு 'இழுப்பான்' என்று போட்டு வைத்திருக்கிறேன், மனசுக்கு ஒட்டவில்லை.

பட்டறை வேலை தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

———

மறு: பட்டறையில் நாமே செய்துகொள்ளும் கருவிக்கு என்ன சொல்?

தம்பி, அந்த மூன்றையும் அடித்தது சரிதான். 'நாட்டுக் கருவி' என்றால் போலீஸ் கைப்பற்றிய பொருள் மாதிரி இருக்கிறது. 'கைவினை' என்றால் கூடை முடைவது. 'தற்காலிகம்' என்பது பொய். ஒரு தடவை செய்த புல்லர் செய்தவரைத் தாண்டியும் அடுத்தவர் கையில் ஓடும்.

வேலை செய்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுத்தால் சொல் கிடைத்துவிடும். 'இதுக்குத் தோதா ஒண்ணு அடிச்சுக்கலாம்' என்பார்கள். அந்த 'தோது'தான் நமக்கு வேண்டியது. எந்தப் பாகத்துக்கு, எந்த இடுக்குக்கு, எந்த அளவுக்குச் செய்தோமோ அதற்கு மட்டும் சரியாகப் பொருந்துவது. 'தோதுக்கருவி' என்று வையுங்கள்.

புல்லருக்கு 'இழுப்பான்' ஏன் ஒட்டவில்லை என்றால், அங்கே இழுப்பு என்று ஒன்று கண்ணுக்குத் தெரிவதே இல்லை. பின்சக்கரத்தைத் தாங்கும் ஆர்மில் இறுகிப்போன புஷ்ஷை (துளைக்குள் உட்காரும் குழாய் உறை) கழற்றுவதைப் பாருங்கள். ஒரு பக்கம், புஷ்ஷின் வெளிவிட்டத்தைவிட மயிரிழை குறைவான தடித்த வாஷர். மறு பக்கம், புஷ் உள்ளே போகிற அளவு துளையுள்ள குழாய்த்துண்டு, நீளம் புஷ்ஷைவிடக் கொஞ்சம் கூடுதல். நடுவில் எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு ஒரு எம்12 (12 மி.மீ. விட்டம்) போல்ட். நட்டை முறுக்க முறுக்க, புஷ் தன் வீட்டை, அதாவது உட்கார்ந்திருந்த துளையை, விட்டு நகர்ந்து குழாய்க்குள் போய் உட்கார்கிறது. எம்12-இன் சாதாரண மரைக்கு ஒரு சுற்று என்றால் 1.75 மி.மீ. நகர்வு. முதல் அரைச் சுற்றுக்கு ஒன்றும் நடக்காது, அப்புறம் 'டக்' என்று ஒரு சத்தம், அதற்குப்பின் வெண்ணெயாக வரும். சுத்தி இல்லை, அடி இல்லை, ஆர்மில் கீறலும் இல்லை.

இறுக்கிப் பிடித்திருக்கும் ஒன்றை அதன் அச்சின் போக்கிலேயே நேராக வெளியே எடுப்பதற்குத் தமிழில் 'உருவுதல்' என்று தனி வினை இருக்கிறது. உறையிலிருந்து வாளை உருவுகிறோம், விரலிலிருந்து மோதிரத்தை உருவுகிறோம். இழுத்தால் கோணும், பிடுங்கினால் பிய்யும். அதனால் 'உருவி': புஷ் உருவி, பேரிங் உருவி, மேக்னெட் உருவி. கையேட்டில் ஒரு வரி சேருங்கள்: கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் மரைக்கம்பி பெரும்பாலும் மெத்து இரும்பு, இந்த வேலைக்கு நீளும் அல்லது மரை உரியும். தலையில் 8.8 என்று பொறித்த போல்ட் வாங்கச் சொல்லுங்கள். அதில் புள்ளிக்கு முன்னால் உள்ள 8, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவலிமை. மரையிலும் நட்டுக்குக் கீழேயும் கிரீஸ் தடவாமல் முறுக்க வேண்டாம் என்றும் எழுதுங்கள்.

டிரிஃப்டுக்கு: குழாய் வடிவம் என்றால் 'தட்டுக்குழல்', கட்டித் தண்டு என்றால் 'தட்டுக்கோல்'. பழைய பேரிங்கின் வெளி வளையத்தையே தட்டுக்குழலாக்குவது எல்லோரும் செய்வதுதான். வெளிப்புறத்தைக் கிரைண்டரில் கொஞ்சம் தேய்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் புது பேரிங்கோடு அதுவும் உள்ளே மாட்டிக்கொள்ளும். பேரிங்கை அதன் வீட்டுக்குள் ஏற்றும்போது வெளி வளையத்தில் மட்டும் தட்டு, தண்டின் மேல் ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டும். மாற்றித் தட்டினால் அடி குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் பள்ளம் விழும். ஓட்டும்போது 'ஊ' என்று ஊளையிடும் புது பேரிங்குகளில் பல இப்படிக் கெட்டவை.

கிளட்ச் ஹோல்டருக்கு 'பூட்டுப்பிடி'. கிளட்சின் தேய்ந்த உராய்வுத் தட்டு ஒன்று, இரும்புத் தட்டு ஒன்று, இரண்டையும் சேர்த்து வெல்டு வைத்தால் போதும். முதலாவதின் வெளிப்பல் கிளட்சின் வெளிக் கூடையைப் பிடிக்கும், இரண்டாவதின் உள்பல் நடுவிலுள்ள ஹப்பைப் பிடிக்கும். இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும், கியரில் போட்டால் நடு நட்டைக் கழற்றலாம்.

———

மறு: மறு: பட்டறையில் நாமே செய்துகொள்ளும் கருவிக்கு என்ன சொல்?

> அதனால் 'உருவி'

அண்ணா, விளக்கம் அருமை. ஆனால் எழுத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'பேரிங் உருவி எடுக்கவும்' என்று கையேட்டில் வந்தால், பேரிங்கை உருவிவிட்டு எடுக்கவா, 'பேரிங் உருவி' என்ற கருவியை எடுக்கவா? உருவி என்பது வினையெச்சமும்தான். வேலை பாதியில் நிற்க, கையில் கிரீஸோடு படிக்கிறவர் இதற்கெல்லாம் நிதானிக்க மாட்டார்.

> 'தோதுக்கருவி' என்று வையுங்கள்

இதில் எனக்குத் தயக்கம் கொஞ்சம்தான். தோது என்றால் வசதி என்றும் பொருள் உண்டு. வசதியான கருவி என்று எடுத்துக்கொண்டால் நல்ல ஸ்பேனர்கூடத் தோதுக்கருவிதானே? 'பொருத்துக்கருவி' எப்படி? இன்னொன்றும் கேட்கிறேன். பழைய பிரிட்டிஷ் வண்டிக்கு ஸ்பேனரைத் தேய்த்துப் போடுகிறார்களே, அதுவும் இந்த வகையில் வருமா?

———

மறு: மறு: மறு: பட்டறையில் நாமே செய்துகொள்ளும் கருவிக்கு என்ன சொல்?

அம்மா, 'பொருத்துக்கருவி' என்றால் பாகத்தைப் பொருத்துகிற கருவி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கழற்றுவதற்கு அந்தப் பெயர் வைத்தால் குழப்பம் கூடும். தோதுக்கு இரண்டு பொருள் இருப்பது உண்மைதான். ஆனால் கையேட்டில் 'சிறப்புக் கருவி'க்குப் பக்கத்தில் இது நிற்கப்போகிறது. அதற்கு எதிர்நிலையாக வரும்போது பொருள் தானாகத் தெளிந்துவிடும். முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் போட்டால் போதாதா?

உருவி விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் முள்வாங்கி, நகவெட்டி, பாக்குவெட்டி எல்லாமே இதே அச்சுதான், யாரும் தடுமாறவில்லை. காரணம், அவை ஒரே சொல்லாகச் சேர்ந்து நிற்கின்றன. ஆகவே பாகத்தின் பெயரோடு சிறுகோடு போட்டு 'பேரிங்-உருவி' என்று எழுதலாம், தனியாக வரும்போது 'உருவிக் கருவி'. கட்டளை வாக்கியத்தில் வேற்றுமை உருபை விடாமல் 'பேரிங்-உருவியை எடுக்கவும்' என்று எழுதினால் சந்தேகமே வராது. தம்பி, இதைக் கையேடு முழுக்க ஒரே மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் பாடு.

தேய்த்த ஸ்பேனர் கட்டாயம் தோதுக்கருவிதான். விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் மரை முறை) அளவு போல்ட் விட்டத்தை வைத்துச் சொல்வது, தலையின் அகலத்தை வைத்து அல்ல. கால் அங்குல விட்வொர்த் தலை 0.525 அங்குலம், அதாவது 13.3 மி.மீ. 13 ஸ்பேனர் ஏறாது, 14 வழுக்கி மூலையை உருட்டிவிடும். 13-ஐத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, அடிக்கடி தண்ணீரில் நனைத்து, போல்ட் தலையில் வைத்துப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். சூடேறி நீலம் பாய விட்டால் எஃகின் பதம் கெடும். ஜோசஃப் விட்வொர்த் 1841-இல் வகுத்த மரையின் கோணம் 55 டிகிரி, மெட்ரிக் மரைக்கு 60. அதனால் ஸ்பேனரைத் தோதாக்கலாம், போல்ட்டை மாற்றிப் போடக் கூடாது.

———

மறு: மறு: மறு: மறு: பட்டறையில் நாமே செய்துகொள்ளும் கருவிக்கு என்ன சொல்?

சிறுகோடு போட்டு எழுதுவது எனக்குச் சம்மதம். உருபை விடக் கூடாது என்பதைக் கையேட்டின் முன்பக்கக் குறிப்பில் தம்பி ஒரு விதியாகவே போட்டுவிட வேண்டும். தோதுக்கருவியை ஏற்கிறேன். 'பூட்டுப்பிடி' நன்றாக இருக்கிறது, வாயில் நிற்கிறது. தட்டுக்குழலும் அப்படியே இருக்கட்டும்.

———

மறு: மறு: மறு: மறு: மறு: பட்டறையில் நாமே செய்துகொள்ளும் கருவிக்கு என்ன சொல்?

இருவருக்கும் நன்றி. இப்படிப் பதிகிறேன்:

தோதுக்கருவி: ஒரு குறிப்பிட்ட பாகத்தையோ வேலையையோ மனதில் வைத்து, கிடைக்கிற பொருளிலிருந்து பழுதுபார்ப்பவரே செய்துகொள்ளும் அல்லது மாற்றிக்கொள்ளும் கருவி.

அதன் கீழே உருவி, தட்டுக்குழல், தட்டுக்கோல், பூட்டுப்பிடி. சீ-கிளாம்பில் ஜன்னல் வெட்டிய குழாய்த்துண்டை வெல்டு வைத்துச் செய்யும் வால்வு ஸ்பிரிங் அமுக்கியையும் சேர்த்துவிடுகிறேன். சஸ்பென்ஷன் சுருள் ஸ்பிரிங்குக்கும் இதே பாணியில் ஓர் 'அமுக்கி' எழுதலாமா?

———

மறு: மறு: மறு: மறு: மறு: மறு: பட்டறையில் நாமே செய்துகொள்ளும் கருவிக்கு என்ன சொல்?

சொல் எழுதலாம் தம்பி, செய்முறை எழுதாதீர்கள். அமுங்கிய சஸ்பென்ஷன் ஸ்பிரிங் நழுவினால் எலும்பை உடைக்கும், உயிரும் போகும். அதுவும் வண்டிக்கு அடியில் வைக்கும் முட்டும் நாமே செய்துகொள்ளக் கூடாதவை. அந்த அத்தியாயத்தின் முதல் பக்கத்திலேயே இவை இரண்டையும் பெயர் சொல்லி விலக்கிவிடுங்கள். அப்புறம் ஸ்லைடு ஹாம்மருக்கு யாராவது ஒரு சொல் யோசியுங்கள். கம்பியில் எடை வழுக்கிப் போய்ப் பின்னால் மோதுவது அது. 'வழுக்குச்சுத்தி' என்று என் பையன் சொல்கிறான், கேட்டதும் சிரித்துவிட்டேன், இப்போது யோசித்தால் மோசமில்லை போலிருக்கிறது.