சீ கிராண்ட் காசை நம்பி பிஎச்.டி. சேரலாமா?

உப்பங்கழி:
அமெரிக்காவில் கடலோரச் சூழலியலில் பிஎச்.டி. இடம் கிடைத்திருக்கிறது. சிப்பிப் பண்ணைகளில் நீர்த்தரம் பற்றிய வேலை. ஆர்.ஏ. (ஆராய்ச்சி உதவியாளர்) சம்பளம் சீ கிராண்டிலிருந்து வரும், அதாவது அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா பல்கலைக்கழகங்கள் வழியாக நடத்தும் கடலோர ஆராய்ச்சித் திட்டத்திலிருந்து. இரண்டு வருடத்துக்குப் பிரச்சினை இல்லை என்கிறார் பேராசிரியர். ஆனால் படிப்பு முடிய ஐந்து வருடமாவது ஆகுமே? "மேட்ச் எங்கள் பல்கலைக்கழகம் போடுகிறது" என்று வேறு எழுதியிருக்கிறார். அவர்களே காசு போடுவதென்றால் மத்திய அரசு கிராண்ட் எதற்கு? நோவாவில் நிதி வெட்டு என்று செய்தி வேறு பயமுறுத்துகிறது. விசாவுக்குப் பணம் கட்டுவதற்கு முன் விவரம் தெரிந்த அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
பல்கலைக்கழகத்தில் கிராண்ட் கணக்கு பார்ப்பதுதான் என் வேலை. மேட்சைப் பார்த்துப் பயப்படாதீர்கள் தம்பி. சீ கிராண்டில் மத்திய அரசு 2 டாலர் தந்தால் வெளியிலிருந்து 1 டாலர் வர வேண்டும், மாநில அரசோ பல்கலைக்கழகமோ தனியாரோ யாராக இருந்தாலும் சரி. அது ரொக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பேராசிரியர் இந்த வேலைக்கு ஒதுக்கும் நேரத்துக்கான சம்பளம், படகுச் செலவு, முன் அனுமதி வாங்கினால் பல்கலைக்கழகம் வசூலிக்காமல் விட்ட நிர்வாகச் செலவுகூடக் கணக்கில் சேரும். என்.எஸ்.எஃப். (தேசிய அறிவியல் அறக்கட்டளை) காசைக் கொண்டுவந்து மேட்ச் என்று காட்ட முடியாது, அதுவும் மத்திய அரசுக் காசுதானே. பல்கலைக்கழகம் மேட்ச் ஒத்துக்கொண்டிருக்கிறது என்றால் எழுத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், நல்லதுதான்.

சேற்றுக்கால்:
நானும் இதே காசில்தான் தொடங்கினேன், இப்போது நான்காம் வருடம். சீ கிராண்ட் ஆராய்ச்சித் திட்டங்கள் பெரும்பாலும் இரண்டு வருடச் சுற்றில்தான் வரும், அதனால் ஐந்து வருடத்துக்கும் ஒரே கிராண்ட் என்று யாரும் தர மாட்டார்கள், மூன்றாம் வருடத்தில் டி.ஏ. (வகுப்புகளில் கற்பித்தல் உதவியாளர் வேலை) பார்ப்பது இங்கே சகஜம். பேராசிரியரிடம் கேட்க வேண்டியது இதுதான்: கிராண்ட் எந்தத் தேதியில் முடிகிறது, முடிந்தால் துறை டி.ஏ. தருமா, தரும் என்றால் அதை ஆஃபர் லெட்டரில் எழுதித் தருவார்களா. வாய்வார்த்தை போதாது. இன்னொன்று, மத்திய அரசின் நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்கும், ஆனால் காங்கிரஸ் பட்ஜெட்டை இழுத்தடித்தால் காசு வந்து சேரத் தாமதமாகும், அந்த இடைவெளியில் சம்பளத்தை யார் தாங்குவார்கள் என்றும் கேளுங்கள்.

வாடைக்காற்று:
எல்லோரும் ரொம்ப நம்பிக்கையாகப் பேசுகிறீர்கள். 2025 பிப்ரவரி கடைசியில் மெய்ன் மாநிலத்தின் சீ கிராண்டுக்கு என்ன ஆனது? நடந்துகொண்டிருந்த சுமார் 45 லட்சம் டாலர் கிராண்டை நிறுத்துகிறோம் என்று நோவாவிலிருந்து கடிதம். அப்புறம் அந்த மாநிலத்தின் செனட்டர் சூசன் காலின்ஸ் தலையிட்டு, சில நாளில் மறுபேச்சு நடத்தலாம் என்று இறங்கி வந்தார்கள். அரசின் முன்னுரிமைக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி பாதியில் நிறுத்த விதியிலேயே வழி இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
வாடைக்காற்று சொல்வது உண்மை. ஆனால் அவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்ததற்குக் காரணம் பாருங்கள். சீ கிராண்ட் 1966 சட்டத்தில் பிறந்த திட்டம், இன்று 34 இடங்களில் இருக்கிறது, கடலோர மாநிலங்களோடு பேரேரிகளைச் சுற்றியுள்ள மாநிலங்களும் சேர்த்து. லாப்ஸ்டர் பிடிப்பவரும் சிப்பி வளர்ப்பவரும் நேரடியாக அதன் ஆட்களோடு பழகுகிறார்கள், ஆகவே செனட்டர் அலுவலகத்துக்குத் தானாகவே போன் போகும். டிரம்ப் முதல் ஆட்சியிலேயே, 2018 நிதியாண்டுக்கு, இதைப் பூஜ்யமாக்கச் சொன்னார். காங்கிரஸ் காசு ஒதுக்கத்தான் செய்தது. 2026க்கும் அதே யோசனையை மறுபடி வைத்தார்கள். வெள்ளை மாளிகை அனுப்புவது வேண்டுகோள், ஒதுக்குவது காங்கிரஸ். நீண்ட காலக் காசுதான் வேண்டுமென்றால் நோவாவின் கூட்டு ஆய்வு நிறுவனங்களோடு வேலை செய்யும் பேராசிரியர்களையும் பாருங்கள். அந்த ஒப்பந்தம் ஐந்து வருடம், மதிப்பீட்டில் தேறினால் இன்னொரு ஐந்து.

உப்பங்கழி:
நன்றி அண்ணா, எல்லோருக்கும். முடியும் தேதியும் டி.ஏ. உறுதியும் கேட்டு மெயில் அனுப்பிவிட்டேன். ஆஃபர் லெட்டரில் எழுதித் தர மறுத்தால் வேறு ஆஃபரைப் பார்க்கலாமா?

சேற்றுக்கால்:
மறுத்தால் துறையின் கிராஜுவேட் கோஆர்டினேட்டருக்கு நேரடியாக எழுதுங்கள், டி.ஏ. முடிவு அநேகமாக அவர்கள் கையில்தான். அவர்களும் நழுவினால் தாராளமாக வேறு இடம் பாருங்கள்.