நாய்ப் பூங்கா கேட்டுப் படியேறி இறங்கிய அனுபவங்கள்

எங்கள் ஊர் சின்ன ஊர். நாய்களை அவிழ்த்துவிட்டு ஓடவிட வேலி போட்ட ஓர் இடம் வேண்டும் என்று நாங்கள் ஏழெட்டுப் பேர் கேட்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. அந்த இரண்டு வருடத்தில் நான் பார்த்த மனிதர்களைப் பற்றிச் சொல்கிறேன். இதே முயற்சியில் இருப்பவர்கள் உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

கையெழுத்து வாங்க முதலில் நாய் வளர்க்கும் வீடுகளாகப் பார்த்துத்தான் கதவைத் தட்டினோம். மளமளவென்று கிடைத்தது. அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு ஊர் நிர்வாகத்திடம் போனோம். அங்கே இருந்த அதிகாரி இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதில் நாய் இல்லாத வீடு எத்தனை?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. எங்களைத் தட்டிக்கழிக்க அவர் அதைக் கேட்கவில்லை. ஊருக்குப் பொதுவான நிலம், நாய் இல்லாதவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. அந்தக் கேள்விக்காக இன்றும் அவருக்கு நன்றியோடு இருக்கிறேன்.

சரி என்று அடுத்த வாரம் நாய் இல்லாத வீடுகளுக்குப் போனோம். அங்கேதான் அந்த அம்மாவைச் சந்தித்தேன். அறுபது வயது தாண்டியவர். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இடது முழங்கையைத் திருப்பிக் காட்டினார். ஏழு வயதில் கடிபட்ட தழும்பு. நான்கு குழிகள், அதில் இரண்டு கொஞ்சம் ஆழமாக. “தெருவில் நாய் வந்தால் இன்னும் எதிர்ப்பக்கம் போய்விடுவேன் தம்பி. நீங்கள் எல்லா நாயையும் ஒரே இடத்தில் அவிழ்த்துவிடப் போகிறேன் என்கிறீர்களே?”

வேலி இருக்கும் என்றேன். “கதவை யாராவது திறக்கும்போது ஒன்று வெளியே பாய்ந்துவிட்டால்?”

மனுவின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன். வாசலில் ஒன்றுக்கு இரண்டு கதவு. முதல் கதவைத் திறந்து நாயோடு உள்ளே வந்து அதைச் சாத்த வேண்டும். நடுவில் நாலு பேர் நிற்கிற மாதிரி ஒரு சின்ன அடைப்பு. அங்கே நின்று கயிற்றைக் கழற்றிய பிறகுதான் இரண்டாவது கதவைத் திறக்கலாம். எந்த நேரத்திலும் இரண்டும் சேர்ந்து திறந்திருக்காது. கயிற்றை ஏன் அங்கேயே கழற்ற வேண்டும் என்று கேட்டார். மற்ற நாய்கள் அவிழ்ந்து திரிகிற இடத்தில் ஒரு நாயை மட்டும் கட்டிப் பிடித்திருந்தால், அதனால் விலகியும் போக முடியாது, நெருங்கி மோப்பம் பார்க்கவும் முடியாது. அந்தத் தவிப்பில்தான் பல சண்டைகள் ஆரம்பிக்கின்றன.

அவர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பேனாவை வாங்கி ஓரமாக ஒரு கோடு போட்டார். “நான் தினமும் நடக்கிற பாதை இது. கதவு ஏன் இந்தப் பக்கம் இருக்கிறது? பின்னால் வையுங்கள்.” வருடக்கணக்கில் நாயோடு நடந்த எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. அன்று அவர் கையெழுத்துப் போடவில்லை. மூன்று வாரம் கழித்து, கதவை மாற்றிய வரைபடத்தோடு போனபோதுதான் போட்டார்.

அடுத்து மன்றக் கூட்டம். “எங்கேயும் இல்லாத வழக்கமாக இருக்கிறதே” என்றார் ஒருவர். அமெரிக்காவின் பெர்க்லியில் 1979இலேயே ஒலோனி நாய்ப் பூங்கா வந்துவிட்டது, அந்த நாட்டில் இந்த வகையில் முதலாவது என்று அதைத்தான் சொல்வார்கள். சுரங்க ரயில் பாதைக்காக வீடுகளை இடித்துக் காலியாக விட்டிருந்த நிலம் அது. நாய் வளர்ப்பவர்களே சங்கமாகச் சேர்ந்து அதன் பராமரிப்பில் கை கொடுத்தார்கள். இதைச் சொன்னதும் பேச்சு ‘வேண்டுமா’ என்பதிலிருந்து ‘யார் பார்த்துக்கொள்வது’ என்பதற்கு மாறியது. எனக்கு அதுவே பெரிய முன்னேற்றமாகத் தெரிந்தது.

*

நான் வேறு ஊர். எங்கள் முயற்சி பாதியில் நின்றுபோனது. அதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

சும்மா கிடந்த ஓர் இடத்தைப் பார்த்ததும் அதையே கேட்டுவிட்டோம். அதன் பின்சுவரை ஒட்டி வீடுகள். அதில் ஒரு வீட்டுக்காரர் இரவு வேலை பார்ப்பவர், காலை ஆறு மணிக்குத்தான் படுப்பார். நாய்க்காரர்கள் எல்லோரும் பூங்காவுக்கு வரும் நேரமும் அதுதான். கூட்டத்தில் அவர் கத்தவில்லை. “எனக்கு வேறு தூங்கும் நேரம் கிடையாது” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் எங்களால் பேச முடியவில்லை.

அதோடு அது பள்ளமான நிலம். மழை பெய்தால் நாலு நாள் தண்ணீர் நிற்கும். தேங்கிய தண்ணீரில் விலங்குகளின் சிறுநீர் கலந்தால் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும். இடம் தேடுகிறவர்கள் ஒரு நல்ல மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். நாங்கள் வெயில் காலத்தில் பார்த்து ஏமாந்தோம்.

*

நான் நாய் வளர்க்கவில்லை. எதிர்த்துக் கையெழுத்துப் போட்டவள். எங்கள் ஊரில் அவர்கள் கேட்ட இடம் குழந்தைகள் விளையாடும் மணல்திட்டுக்குப் பக்கத்தில். என் பையனுக்கு அப்போது இரண்டு வயது, கைக்குக் கிடைத்ததெல்லாம் வாய்க்குத்தான் போகும். நாய் மலத்தில் இருக்கும் உருளைப்புழு முட்டை வயிற்றுக்குள் போனால் அரிதாகக் கண்ணைக்கூடப் பாதிக்கும் என்று படித்துவிட்டுப் பல நாள் சரியாகத் தூங்கவில்லை.

மனு கொண்டுவந்த பெண்ணிடம் கோபமாகத்தான் பேசினேன். அவள் வாதாடவில்லை. மறுநாள் ஒரு கால்நடை மருத்துவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் பொறுமையாகச் சொன்னார்: மலத்தோடு வெளியே விழுந்த உடனே அந்த முட்டை நோய் பரப்பாது. மண்ணில் கிடந்து முதிர இரண்டு வாரமாவது ஆகும். முதிர்ந்துவிட்டால்தான் வருடக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். ஆக, அன்றன்றே எடுத்துவிட்டால் ஆபத்து பெரும்பாலும் அங்கேயே தீர்ந்தது. குட்டிகளுக்குத் தாயின் கருப்பையிலேயே புழு வந்துவிடுகிறது, அதனால் அவற்றுக்குச் சின்ன வயதிலிருந்தே புழுமருந்து கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

நான் இரண்டு விஷயம் கேட்டேன். மணல்திட்டிலிருந்து தள்ளி இடம் பாருங்கள். யார் எந்த நாள் சுத்தம் செய்கிறார்கள் என்று பெயரோடு கதவில் எழுதி வையுங்கள். இரண்டுக்கும் ஒப்புக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே என் பெயர் இருக்கிறது. நானே கேட்டு எழுதச் சொன்னேன்.

*

முதலில் எழுதியவன்தான் மறுபடி எழுதுகிறேன். நாய் இல்லாமலே சுத்தம் செய்ய வருகிற இந்தத் தாயை நினைக்கும்போது மனசு நிறைந்துபோகிறது. பெயர்ப் பட்டியல் யோசனையை நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

எங்களுக்குக் கடைசியில் மூன்று மாதச் சோதனை அனுமதி கிடைத்தது. ஐந்தடிக் கம்பிவலை வேலி, சின்ன நாய்களுக்குத் தனித் தடுப்பு, நிழலுக்கு இரண்டு மரம், ஒரு தண்ணீர்க் குழாய். விதிகளைச் சுருக்கமாக எழுதி மாட்டினோம். ரேபிஸ் தடுப்பூசி போடாத நாய்க்கும் இணைசேரும் பருவத்தில் இருக்கும் பெண் நாய்க்கும் அனுமதி இல்லை. தடுப்பூசிகள் முடியாத குட்டிகள் வரக் கூடாது, குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். தீனியும் பந்தும் வேண்டாம். வீட்டில் சாதுவாக இருக்கும் நாய்கூடத் தன் பந்துக்காகப் பல்லைக் காட்டும்.

முதல் நாள் காலை என் நாய் மணியை அவிழ்த்துவிட்டேன். ஆறு வருடமாக அவன் என் கையிலிருந்த கயிற்றின் நீளத்துக்குள்ளேயே வாழ்ந்தவன். கயிறு கழன்றது தெரியாமல் என் காலருகிலேயே நின்றான். ஒரு பழுப்பு நாய் ஓடிவந்து, முன்னங்கால்களைத் தரையோடு நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கி விளையாட அழைத்தது. மணி என்னைப் பார்த்தான். போ என்றேன். வேலி ஓரமாக அவன் ஓடிய ஓட்டத்தில் காது இரண்டும் பின்னால் படிந்திருந்தன. அந்த வேகம் அவனிடம் இருந்தது எனக்கே அன்றுவரை தெரியாது.

பத்து மணிக்கு எல்லோரும் போன பிறகு அந்த அம்மா வந்தார். நாய் ஒன்றும் இல்லை என்று தூரத்தில் நின்றே உறுதிப்படுத்திக்கொண்டு, பின்பக்கம் சுற்றி வந்து முதல் கதவைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே வந்து அதைச் சாத்தினார். அப்புறம் இரண்டாவதையும் ஆட்டினார்.

“இந்தத் தாழ்ப்பாள் தளர்ந்திருக்கிறது தம்பி” என்றார்.

மாலைக்குள் மாற்றிவிட்டோம்.