அப்பாவின் தோல் புற்றுநோய் பற்றித் தமிழில் விவரம் கிடைக்குமா?

குடியாத்தம், வேலூர் பக்கம் இருப்பவர்களே, ஒரு உதவி. அப்பாவுக்கு இடுப்பிலும் தொடையிலும் ஆறு வருடமாகச் செதில் செதிலாகப் படை. படர்தாமரை என்று களிம்பை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லிக் குப்பைமேனிகூட அரைத்துப் போட்டாயிற்று, கடைசியில் போன மாதம் தோலில் சதை எடுத்துப் பரிசோதித்த பிறகுதான் மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் என்று தெரிந்தது. பெயர்தான் பூஞ்சை மாதிரி, உண்மையில் இது டி செல் என்னும் வெள்ளையணுக்களால் தோலில் வரும் லிம்போமா என்ற வகைப் புற்றுநோய். 1806இல் அலிபெர்ட் என்ற பிரெஞ்சு டாக்டர் காளான் போன்ற கட்டிகளைப் பார்த்ததால் வந்த பெயராம். அவர் வைத்த பெயரால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் குழப்பம்! தொற்றாது என்று எத்தனை முறை சொன்னாலும் அம்மா அவர் துண்டைத் தனியாகத்தான் துவைக்கிறார். கத்தரிக்காய், கருவாடு இரண்டுக்கும் தடை வேறு.

வாரம் மூன்று நாள் புற ஊதா ஒளி சிகிச்சை என்றார்கள். கையில் கொடுத்த தாள் முழுக்க ஆங்கிலம். அப்பா தறி நெய்பவர், தமிழ் நன்றாகப் படிப்பார், தன் நோயைத் தானே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறார். தமிழில் கையேடோ வீடியோவோ இருந்தால் அனுப்புங்கள். இந்த ஒளி சிகிச்சை எடுத்தவர்கள் யாராவது அப்பாவிடம் போனில் பேசினால் இன்னும் நல்லது, அன்றைக்கே தறியில் உட்கார முடிந்ததா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அப்புறம், நாட்டு மருந்து விளம்பரம் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.