புதுப்பிப்பு: அம்மாச்சியின் அரிசி டப்பா

அம்மாச்சி வீட்டு அடுப்படியில் கிடைத்த தகர டப்பாவைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன், உள்ளே ஏன் அரை டப்பா பழைய அரிசி என்று கேட்டிருந்தேன் அல்லவா, விடை கிடைத்துவிட்டது.

நேற்று திருமங்கலத்தில் பெரியம்மாவிடம் காட்டினேன். வாங்கியதும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது கைப்பிடி அரிசிக் காணிக்கை டப்பா! உலை வைக்கும்போதெல்லாம் அம்மாச்சி அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து, வீட்டில் யாருக்காவது ஒரு சின்ன ஜெபம் சொல்லி இதில் போடுவாராம். சேர்ந்ததைச் சர்ச்சின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் கொண்டுபோய்க் கொட்டினால், விற்று வரும் பணம் ஊழியத்துக்கும் இல்லாத வீடுகளுக்கும் போகும். கையில் காசே புழங்காத பெண்கள் தாங்களாகக் கொடுக்க முடிந்தது அந்த ஒரு பிடிதான், இதை நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது. மழை பொய்த்த வருஷத்திலும் பிடி குறையவில்லையாம், அவர் தட்டில்தான் குறைந்தது.

அப்புறம் இன்னொன்று. 1947-இல் பல புராட்டஸ்டன்ட் சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவான பிறகும் அம்மாச்சிக்குத் தன் சர்ச் கடைசிவரை ‘அமெரிக்கன் மிஷன் கோயில்’தான்.

டப்பாவின் உள்பக்கம், விளிம்புக்குக் கீழே, விரல் பட்டுப் பட்டு வழவழவென்று இருக்கிறது. கழுவிக் காயவைத்து, இன்று காலை உலை வைக்கும்போது ஒரு பிடி பொன்னி போட்டேன்.